ஆயிரத்தில் ஒரு பங்கு

இரவு ஒன்றே முக்கால். திருவொற்றியூர்.
எண்ணூர் விரைவுச் சாலையைப் பார்த்த இரண்டாம் மாடி.
விரைவு பெயர்ப்பலகையில் மட்டும்.
கீழே கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரை
ஒன்றின் முதுகை ஒன்று மோந்தபடி.

மேலே என் திரையில்
ட்ரெய்லரின் பின்தடுப்பில் ஒரு சின்னக் கார்
மோதி நின்றிருக்கிறது.
மோதல் மொத்தமே நூற்றிருபது மில்லிசெகண்ட்,
ஒரு கண்சிமிட்டல்.
அதை நேர்மையாகக் கணக்கிட எழுபது மணி நேரம்.

இரும்பை நாலு லட்சம் துண்டாக நறுக்கியிருக்கிறேன்.
அடி விழுந்த சேதி இரும்புக்குள் ஓடும்,
செகண்டுக்கு ஐந்து கிலோமீட்டர்.
அது ஒரு துண்டைக் கடப்பதற்குள்
கணக்கு அடுத்த அடி வைத்துவிட வேண்டும்.
தவறினால் எல்லாம் சிதறும்.
ஒருமுறை ஒரு போல்ட்
பழவேற்காடு தாண்டிப் பறந்தது, திரையில்.

ஆக, மிகச் சின்னத் துண்டு எதுவோ
அதன் கடிகாரம்தான் எல்லோருக்கும்.
பம்பர், கதவு, ஸ்டியரிங், பொம்மை ஓட்டுநரின் விலா
அத்தனையும் காத்துக் கிடக்கும்
பிராக்கெட்டின் வெல்டோரம்
அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சிம்புகளுக்காக.

சாயங்காலம் ரகோத்தமன் சார் ஃபோனில்:
"மாஸ் ஸ்கேலிங் போட்டு விடுங்க டெல்பினா,
திங்கட்கிழமை கஸ்டமர்."
போட்டேன்.
சின்னதுகளின் மேல் எடையை ஏற்றினால்
சேதி அவற்றுக்குள் தவழ்ந்துதான் போகும்.
அடி நீளும். எழுபது ஏழாகும்.
ஒரு சிம்புக்கு நூறு மடங்கு எடை.
கேட்கவா போகிறது.

முடிந்தது. தடுப்பு தாங்கிவிட்டது.
ஆற்றல் கோடுகள் பள்ளிப் பிள்ளைகள்போல் ஒழுங்கு.
அறிக்கையில் ஒரு கட்டம்: சேர்த்த எடை எவ்வளவு?
ஆயிரத்தில் ஒரு பங்கு.
நூற்றில் ஐந்து வரை யாரும் முகம் சுளிப்பதில்லை.

எங்கே சேர்த்தாய் என்று கேட்கக் கட்டம் இல்லை.

திறந்து பார்த்தேன். அத்தனையும் ஒரே இடத்தில்.
இரண்டரைக் கிலோ பிராக்கெட்
நாலு கிலோவாக நிற்கிறது.
பிய்ந்துபோக வேண்டிய நேரத்தில்
தன் கனத்தைத் தானே நகர்த்த முடியாமல் தயங்கியது,
அதற்குள் கார் நின்றுவிட்டது.
அந்தத் தயக்கத்தைத்தான்
வலிமை என்று எழுதப்போகிறேன்.

ஜன்னல் கட்டையில் விரல் வைத்தால் சாம்பல்.
மணலிப் பக்கமிருந்து அழுகிய முட்டை வாடை.
நிலக்கரி, எண்ணெய், உரம், ஊர்க் குப்பை,
நகரத்தின் மொத்தப் பரப்பால் வகுத்தால்
நாங்களும் ஏதோ ஒரு சின்னப் பங்குதான்.
அண்ணா சாலையில் ஏசி நிற்காமல் ஓடுகிறது.

டீக்கு இறங்கினேன்.
கன்னியப்பன் மூன்றாம் நாளாக
அதே டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.
"இன்னா மேடம், உன் வண்டி இடிச்சிச்சா?"
"இடிச்சுது. தடுப்புக்கு ஒண்ணும் ஆகல."
"அப்டின்னா சரியா இடிக்கல."

எழுந்து, வண்டியின் பின்னால் போய்
செல்ஃபோன் வெளிச்சம் அடித்துக் காட்டினார்.
இடது பக்கம் பிராக்கெட்டே இல்லை.
நீல நைலான் கயிறு, மூன்று சுற்று, ஒரு முடிச்சு.
"இது எப்போ?"
"ஆடில. பைக்ல ஒரு பையன்."
அதற்கு மேல் சொல்லாமல் டீயை ஊதினார்.
அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

மேலே வந்து ஏற்றிய எடையை இறக்கினேன்.
சிம்புகளைப் பிரித்து மறுபடி நறுக்கிப் பார்த்தேன்.
வெல்டோரம் எப்படி நறுக்கினாலும்
சின்னதுதான் வருகிறது.
இருக்கட்டும்.
பதினைந்து லட்சம் அடி. நடக்கட்டும்.
ரகோத்தமன் சாருக்கு ஒரு வரி: புதன் காலை.

விடியும்போது
கார் இன்னும் தடுப்பைத் தொட்டிருக்கவில்லை.
கீழே ஹாரன்கள்; வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.
நான் புதிதாக ஒரு கோப்பு திறந்து
பொருளின் பெயர் என்ற இடத்தில்
நீலக் கயிறு என்று அடித்துவிட்டு
அடுத்த கட்டத்தில் என்ன எண் போடுவதென்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.